எடுகாடு

மாவட்ட வரைபடத்தில் அதற்கு எண் மட்டும்: 41-பி.
நிலவகை என்ற கட்டத்தில் ஒரு சொல்:
காலி.

காலிதான். பொய்யில்லை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று கோடையில்
சான் பிரான்சிஸ்கோ சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார்,
கையில் பட்டியல், வண்டியில் தகரப் பெட்டிகள்.
ஒரு மாதம் தோண்டினார்.
உள்ளங்கால் தொட்டு உச்சிவரை எண்ணினார்.
சுண்டுவிரல் கணு ஒன்று குறைந்தாலும்
மறுபடி சலித்தார் மண்ணை.
சாராயத்தில் கழுவி, வெயிலில் உலர்த்தி,
பெயர் ஒட்டிக் கப்பலேற்றினார்.

ஐடஹோ ஆற்று மணலில் பொன் சலிக்க வந்தவர்களைப்
பொன் மாதிரியே சலித்து எடுத்துப் போனார்கள்.

இடுவதால் இடுகாடு.
இதை எடுகாடு என்றுதான் சொல்ல வேண்டும்.
சேஜ் புதர்களுக்கு நடுவே
அறுபத்திரண்டு பள்ளம்.
காகிதம் எரித்த செங்கல் அடுப்பு ஒன்று, பாதி.
மழை பெய்தால் பள்ளங்களில்
மார்த்தின் எச்சபேரியாவின் ஆடுகள் தண்ணீர் குடிக்கும்.
அவர் முப்பாட்டனும் கடல் தாண்டி வந்த பாஸ்க் இடையர்தான்.
ஆனால் அவருக்குக் கல் இருக்கிறது,
கல்லில் சிலுவை,
சிலுவையில் வருஷத்துக்கொருமுறை மாற்றும் பிளாஸ்டிக் பூ.

சாலைக்குச் சரளை வேண்டுமென்று
போன மார்ச்சில் 41-பி ஏலப் பட்டியலில் ஏறியது.
விசாரணைக் கூட்டத்தில் ராண்டல் ஸ்டோபி கேட்டார்:
"எலும்பே இல்லாத இடத்துக்கு வேலி எதற்கு?"
கொஞ்சம் சிரிப்பு. காபி யந்திரத்தின் கொதிப்பு.

பாய்சியிலிருந்து வந்திருந்த லொரெய்ன் கோங் எழுந்தார்.
முப்பத்தாறு வருஷம் பல்செட் செய்தவர்.
"பல்லைப் பிடுங்கினால்
பல் இருந்த இடமும் இல்லாமல் போகுமா?
நான் அச்செடுப்பது எப்போதும்
ஈறைத்தான், ஸ்டோபி."

அக்டோபரில் ரேடார் கொண்டுவந்தார்கள்.
குழந்தையைத் தள்ளிப்போகும் வண்டி போல
ஒரு பையன் அதை முள்ளில் தள்ளிக்கொண்டு போனான்.
இரண்டு இடத்தில் நின்றான்.

பதினேழாம் பள்ளத்தில் ஒரு விஸ்கி புட்டி.
மெழுகு வைத்த வாய். உள்ளே துணி. துணியில் மை:
லூயி பாக் சாய், ஹொய்பிங்,
இரட்டைக் கிணற்றுக்கு மேற்கே மூன்றாம் வீடு.
ஆளைக் காணோம்.
பெயரை இங்கே விட்டுவிட்டு
யாரோவாகக் கப்பலேறிவிட்டார்.

பதினெட்டில் ஆள் இருந்தார்.
புட்டி இல்லை.
சிறிய இடுப்பு, ஒரு பக்கம் ஒடிந்த கொம்புச் சீப்பு.
சங்கத்தின் பட்டியல் எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது,
நானே எடுத்துப் பார்த்தேன்.
பதினெட்டுக்கு நேரே இரண்டு சொல்:
பெண். விடுக.

பெயருக்கு உடல் இல்லை,
உடலுக்குப் பெயர் இல்லை,
இரண்டையும் சேர்த்துப் புதைத்துவிடலாமே
என்றார் ஒருவர், நல்ல மனசோடுதான்.
லொரெய்ன் தலையை அசைத்தார்.
"வேண்டாம்.
யார் யார் பெயரையோ அவள்மேல் போட்டு
ஒருமுறை வாழ்ந்து முடித்துவிட்டாள்."

மூன்றுக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது.
சரளை வேறு மலையிலிருந்து வருகிறது,
டன்னுக்கு நாலு டாலர் கூடுதல், மக்கள் திட்டுகிறார்கள்.
வேலிக் கம்பி மார்த்தின் தந்தது.
ஆடுகளுக்குக் கோபம்.
பலகையில் "இங்கே உறங்குகிறார்கள்" என்று எழுதலாமா
"உறங்கினார்கள்" என்று எழுதலாமா என
குழு இன்னும் சண்டை போடுகிறது;
பலகை வெறுமனே நிற்கிறது, காற்று வாங்கிக்கொண்டு.

எனக்கு வாய்த்தது வரைபடம்.
காலியை அடித்துவிட்டேன்.
அந்தக் கட்டத்தில் பெரிதாக எதுவும் நுழையாது.
மயானம் என்று போட்டேன், அழித்தேன்.
கடைசியில் ஓர் எண் போட்டேன்: 1.

மேலாளர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"என்ன இது ஒன்று? ஏக்கரா?"

ஆள், என்றேன்.