பதினாலடி

மார்ச் முதல் செவ்வாய். வெர்மான்ட்.
பள்ளிக்கூட ஜிம்மில் ஊர்க்கூட்டம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மடக்கு நாற்காலிகள்,
உருகும் பனியும் மாட்டுச்சாணமுமாய் பூட்ஸ் வாடை.
நான் ஊர்ப் பொருளாளர்.
என் பெயரை இங்கே மூன்று பேர்தான் சரியாகச் சொல்வார்கள்.
கையெழுத்து எல்லோருக்கும் தெரியும், வரி ரசீதில்.

பதினேழாம் உருப்படி:
மில் சாலைக்கு அடியில், பெர்ரி ஓடையில்,
நாலடிக் குழாயைப் பிடுங்கிவிட்டு
பதினாலடி அகலத்தில் கான்கிரீட் மதகு.
மாநிலத்தின் பேரிடர்த் தணிப்புக் கடன்
ஏழு லட்சத்து நாற்பதாயிரம் டாலர்,
ஒரு சதவீத வட்டி, இருபது வருடம்.

வெண்டல் தீபோ எழுந்தார்.
"எனக்கு எழுபத்தொண்ணு.
இந்தக் கடன் அடையறப்போ நான் மண்ணுக்கு மேலயா, கீழயா?
வராத வெள்ளத்துக்கு வட்டி கட்டச் சொல்றீங்க."
சிரித்தார்கள். நானும், கொஞ்சம்.

லொரெய்ன் எழவில்லை.
மடியில் இருந்த கையுறையிடம் சொல்வதுபோல் சொன்னாள்:
"போன தடவை சாலை பிளந்தப்போ
ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம்.
நாங்க இந்தப் பக்கம்."
கணவன் பெயரை அவள் சொல்லவில்லை.
சொல்லித் தெரியவேண்டிய ஊர் இல்லை இது.

சீட்டுகளை இரண்டு முறை எண்ணினோம்.
அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு.

படிவம் முப்பத்தாறு பக்கம்.
அதில் கடனுக்கு ஒரு சொல், கடமைக்கு வேறொரு சொல்.
என் மொழி சிக்கனக்காரி,
இரண்டையும் கடன் என்றே எழுதிவிட்டுப் போய்விடும்.
எதற்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று
பேனா ஒரு நொடி நின்றது.
பிறகு போட்டேன். வேறு வேலையும் இருந்தது.

மறு வருடம் ஜூலை. ஒரே இரவில் ஐந்து அங்குலம்.
கூரையில் விழுந்ததை நான் மழையாகக் கேட்கவில்லை,
தவணையாகக் கேட்டேன்.
இரண்டரை மணிக்குப் போன். வெண்டல்.
டார்ச்சோடு மதகின் மேல் நிற்கிறாராம்.
அவர் குரலுக்குப் பின்னால் ஓடை இரைந்தது.
"போகுது" என்றார்.
அதற்கப்புறம் பேச்சில்லை. நானும் வைக்கவில்லை.
வெகுநேரம் கழித்து:
"ஒரு முழு மரம். வேரோட.
உள்ள நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடுச்சு."

விடிந்தபோது சாலை சாலையாகவே கிடந்தது.
பால் லாரி எட்டு மணிக்கு, எப்போதும்போல்.
லொரெய்ன் வீட்டு வாசலில் கம்பளம் காய்ந்துகொண்டிருந்தது,
நனைந்ததால் அல்ல, துவைத்ததால்.
நடக்காததைப் படமெடுக்க எந்தக் கேமராவும் வரவில்லை.

டிசம்பரில் முதல் தவணை:
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
அந்த வாரமே வெண்டல் ஜன்னலுக்கு வந்தார், வரி கட்ட,
ஏறிவிட்டது என்று முணங்கிக்கொண்டு.
ரசீதைக் கடைசி வரி வரை படித்தார்.
"இன்னும் பத்தொன்பதா?"
"பத்தொன்பது."
தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவுவரை போனவர்
திரும்பிப் பார்த்துச் சொன்னார்:
"பதினாறா வெச்சிருக்கலாம்.
அகலத்தைச் சொல்றேன்."