தொண்ணூற்றாறு துளை

வந்த முதல் கிழமையே கண்டுகொண்டேன்.
கேத்தலின் அடியில்
முட்டைக்கோதின் உள்தோல் கனத்தில் ஒரு வெள்ளை.
விரல் வைத்தால் சொரசொரப்பு.
நீயா, என்றேன்.
பதினொரு வருஷம் ரியாத்தில் நான் சுரண்டியது
இதைத்தான்.

அங்கே ஏழு குளியலறை.
மெடத்துக்குக் குழாயில் முகம் தெரிய வேண்டும்,
அவவின் முகம்.
தேசிக்காய்ப் பாதி, வினாகிரி, தேய்ந்த பல்துலக்கி,
ஷவருக்கு மட்டும் தையல் ஊசி.
பெரிய அறையின் ஷவரில் தொண்ணூற்றாறு துளை.
எண்ணாமல் செய்தால் அழுகை வரும், அதனால் எண்ணினேன்.
அவ தலை அலசப் போத்தல் தண்ணி,
எனக்குக் குழாய்த் தண்ணி.
சீப்பில் வந்த முடியைச் சுருட்டி ஜன்னலால் எறிந்தால்
காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து போடும்.
ஊருக்குப் போன் எடுக்கும்போது சொல்வேன்:
இங்க எல்லாம் இருக்கு, தண்ணிக்கும் குறையில்ல.

நிலாவெளியில் காணி வாங்கி, வீடு கட்டி,
குழாய்க்கிணறு அடித்தது என் காசு.
கூப்பிடு தூரத்தில் கடல்.
மாரியில் முற்றம் குளமாகும்.
தண்ணி மெதுவாகத்தான் இருக்கும் என்று
எப்படி நினைத்தேனோ.
"உப்புவெளியத் தாண்டி வந்து காணி வாங்கிப்போட்டு
இனிப்புத் தண்ணி கேக்கிறாவாம்"
பக்கத்து வீட்டு ஜெசீமா சொல்லிச் சொல்லிச் சிரித்தா.
எனக்கும் சிரிப்பு வந்தது.

சவுக்காரம் நுரைக்காது, தயிர்போலத் திரியும்.
பிளேன்டீயின் மேல் ஒரு மெல்லிய ஏடு,
வெயிலில் பார்த்தால் மண்ணெண்ணெய் பட்ட நிறம்.
வுழு செய்த கை காய்ந்தால்
முழங்கையில் வெள்ளைக் கோடு நிற்கும்,
தொழுது எழும்பியும் போகாது.
பருப்பு ஒரு மணித்தியாலம் கொதித்தும் பல்லில் கல்.
மஃறூப் தட்டைத் தள்ளிவிட்டு
"அடுப்பில பிழையா, கையில பிழையா?" என்பார்.
கையில என்று சொல்லிவிடுவேன்.
தண்ணியில என்றால் கிணறும் என் பிழைதான்.

கடைசி மூன்று மாசச் சம்பளம் மெஷினாகி வந்து
பதினாலாம் மாசம் நின்றது.
ஜௌபர் வந்து பின்பக்கம் கழற்றி
உள்ளிருந்து ஒரு கம்பியை இழுத்தான்:
மாவுக்கட்டுப் போட்ட கை.
"தண்ணி சுட முதல் இந்தக் கல்லுத்தான் சுடும், ராத்தா."
தரையில் தட்டினான். ஓடு ஓடாக விழுந்தது.
அள்ளிப் பார்த்தேன், ஒரு கை நிறைய.
நீர்ச்சபை லைன் வருமாம்.
றோட்டைக் கிண்டி மூடி இரண்டு வருஷம்.

நான் போகும்போது ஹஸ்னாவுக்கு மூன்று வயது.
இப்போது பதினாறு; என்னோடு அளந்துதான் பேசுவாள்.
ஒரு வெள்ளிக்கிழமை, தலை துவட்டியபடி,
தும்புபோல நின்ற முடியைப் பிடித்துக் காட்டி,
"அங்கயும் உங்கட தலை இப்பிடித்தானா?" என்றாள்.
அந்த ஊரைப் பற்றி
அவள் கேட்ட முதல் கேள்வி.
ஓம் என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

பின்னேரம் குளியலறையில் ஸ்டூல் இழுபடும் சத்தம்.
எட்டிப் பார்த்தால்
ஏறி நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு,
ஷவர்த் துளைகளை ஊசியால் குத்துகிறாள்.
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
"முப்பத்தொண்டு... முப்பத்திரண்டு..."

ஊசியைப் பறித்தேன்.
கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான்.
அவள் விரலில் ஒரு பொட்டு இரத்தம்.
"நான் இப்ப என்ன செஞ்ச?" என்றாள்.

அந்த விரலைப் போத்தல் தண்ணியில் கழுவிவிட்டேன்,
போத்தல் தீரும்வரை.
அவள் கையை இழுக்கவில்லை.

மாரிக்கு இன்னும் ஆறு கிழமை.
ஷவர் பாதி அடைத்தபடியே இருக்கிறது.
ஒரு கம்பித் தண்ணி மட்டும் கோணலாகப் பாய்ந்து
எதிர்ச் சுவரில் அடிக்கிறது.
அடிக்கட்டும்.