நாற்பது நொடி

திருத்தணிப் பேருந்து நிலையத்தில்
முப்பது ரூபாய்க்கு வாங்கிய வட்டு.
நூற்றுப் பன்னிரண்டு பாட்டு, ஒரே தகட்டில் என்று
விற்றவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.
எண்ணிப் பார்க்க வழியில்லை.
எங்கள் வீட்டில் இருப்பது ரேடியோ.
அதற்கு வாய் உண்டு, தட்டு இல்லை.

மூன்று மாதம் அது
கண்ணாடிக்குப் பதிலாக ஆணியில் தொங்கியது.
பொட்டு வைக்கும்போதெல்லாம்
மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஆணி.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேடினேன்.
புத்தூரில் ஆயிரத்து எண்ணூறு,
தொட்டுப் பார்க்கவும் விடவில்லை.
திருப்பதியில் தொள்ளாயிரம்,
ஆனால் அது எம்பி3 படிக்காதாம்,
பன்னிரண்டு பாட்டு வட்டு மட்டும் பாடுமாம்.
மிச்சம் நூறை என்ன செய்வது என்று கேட்டேன்.
கடைப்பையன் அடுத்த ஆளைப் பார்த்தான்.
பள்ளிப்பட்டில் இருக்கிறது என்றார்கள்.
பஸ் பிடித்துப் போனால்
அது கேசட் பெட்டி.

கடைசியில் நகரியிலேயே,
ஸ்டேஷனுக்கு எதிரே,
முனிரத்னத்தின் வாட்ச் ரிப்பேர் கடையில்
அலாரம் கடிகாரங்களுக்கு நடுவே
வெள்ளி நிறத்தில்
தோசைக்கல் போட்ட குட்டி போல.
மூடியின் கொக்கி உடைந்து
ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

முனிரத்னம் விலையைத் தெலுங்கில் சொல்வார்,
தமிழில் குறைப்பார்.
ஏடு வந்தலு என்று தொடங்கி
ஐந்நூற்று எழுபதில் நின்றுவிட்டார்.
பேட்டரி சேர்த்தா என்றேன்.
சேர்க்காமல் என்றார், இரண்டு மொழியிலும்.

"குலுக்கினாலும் நாற்பது நொடி தாங்கும்மா.
முன்னாலேயே படிச்சு வயித்துல வெச்சுக்கும்."
ஒட்டகமா என்றேன்.
"குதிச்சுப் பாருங்க."
குதித்தேன்,
முப்பத்தைந்து வயதில், கடைத்தெருவில்,
செருப்பைக் கழற்றிவிட்டு,
காதில் ஒயரோடு.
பாட்டு அறுபடவில்லை.
டிக்கெட் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் எங்கள் தறிக்கூடம்
குதித்துவிட்டு நிற்கிற பெண் இல்லை.
இருபத்து நான்கு தறி.
தண்ணீர்ச் சொம்பு தானாக நடந்து போய்
மேடை விளிம்பில் யோசித்து நிற்கும்.
பெட்டியை இடுப்பில் கட்டி
மேலே முந்தானையைச் சுற்றி
திங்கட்கிழமை ஓட்டினேன்.
நாற்பது நொடி பாடியது.
விக்கியது.
வயிறு நிரம்பும் வரை மௌனம்.
மறுபடி நாற்பது.
அந்த நாற்பதும்
நாடா அடிக்கிற அடியில்
சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.
ஒலியைக் கடைசி வரை திருகினேன்.
எங்கோ தூரத்தில்
கொசு வீட்டுக் கல்யாணம்.

பத்தே முக்காலுக்கு
கரண்ட் போனது.
இருபத்து நான்கு தறியும்
ஒரே மூச்சில் அடங்க,
கூடத்தின் நடுவில்
ஒரு குரல் மட்டும்
நிற்கத் தெரியாமல்
மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

என்னுடையது.

மற்ற நாளில்
கரண்டோடு என் குரலும் போய்விடும்.
இன்றைக்குக் காதுக்குள் வேறு கரண்ட்,
இரண்டு பென்சில் பேட்டரி.
குணவதி என் தோளைத் தட்டிய பிறகுதான்
பதினேழு முகம் தெரிந்தது.
தார் சுற்றுகிற பையன்
சிரிப்பை அடக்க நூலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒரு ஒயரைப் பிடுங்கித்
தன் காதில் செருகிக்கொண்டாள்.
கொஞ்ச நேரம் கேட்டாள்.
"ரெண்டாவது அடி நீ பாடுனது தப்பு" என்றாள்.

ஆடாத தரையில்
முதல் முறையாக ஒரு பாட்டு முழுசாய் முடிந்தது.
அடுத்ததும்.
வரிசை வைத்துக் கேட்டார்கள்,
ஆளுக்கு ஒரு காது, ஆளுக்கு ஒரு பாட்டு.
இப்படியே போனால்
நூற்றுப் பன்னிரண்டையும் எண்ணிவிடலாம்.

மேஸ்திரி தாமோதரம் கணக்கு நோட்டோடு வந்தார்.
திட்டத்தான் வருகிறார் என்று எழுந்தேன்.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ரப்பர் பேண்டை ஒருமுறை சுண்டினார்.
"எவ்வளவு?"

ஏடு வந்தலு என்றேன்.