விழுக்காடு

விடியற்காலை நாலே முக்கால் இருக்கும்.
கண்ணாடி உடைந்த சத்தத்தைக்
கனவுக்குள்ளேயே கேட்டு முடித்துவிட்டு
பால்காரர் மணியடித்த பிறகுதான் இறங்கினேன்.

பாணசவாடி, ஆறாவது கிராஸ்,
காம்பவுண்டுக்குள் தென்னையடி.
முப்பத்தொரு தவணை பாக்கியிருக்கும்
என் பழைய ஆல்டோவின்
முன்கண்ணாடியைத் துளைத்து
ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தது
ஒரு தேங்காய்.
பெல்ட் மட்டும்தான் போடவில்லை.

புட்டசாமய்யா எனக்கு முன்பே வந்திருந்தார்.
கதவைத் திறக்கச் சொன்னார்.
அடிபட்டவரைத் தூக்குவதுபோல்
இரண்டு கையாலும் அதை எடுத்து
காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.
தண்ணீர் இருந்தது. முகம் தெளிந்தது.
பிறகுதான் கண்ணாடியைப் பார்த்து
'அய்யோ பாப' என்றார்.
காற்றடித்தால் நானேன் மாட்லி?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை
எனக்கும் தெரியும்.
பழம் யாருடையது,
கீழே யார் வண்டி நின்றது
என்று அதில் ஒருவரும் கேட்பதில்லை.
காக்கையை மட்டும் விசாரிக்கிறார்கள்.

மேலே போய் ஒப்பந்தத்தை எடுத்து வந்தேன்.
பதினோரு மாதம். முத்திரைத்தாள்.
ஒன்பதாவது பத்தி: வளாகத்து மரங்களிலும்
அவற்றின் காய்கனிகளிலும்
குடியிருப்பவருக்கு எவ்வித உரிமையும் இல்லை.
பன்னிரண்டு: வண்டி நிறுத்த மாதம் ஆயிரம், தனியாக.
பதினான்கு: நிறுத்துவது அவரவர் பொறுப்பில்.

அய்யா,
காய் உங்களுடையது.
மரத்திலிருக்கும்போதும் உங்களுடையது,
என் இருக்கையிலிருந்து எடுத்துப்போகும்போதும்
உங்களுடையது.
நடுவில் அந்த முப்பதடியில் மட்டும்
யாருடையது?

சித்திரையிலேயே சொன்னேன்,
குலை முற்றிவிட்டது, ஆள் விட்டு இறக்குங்கள் என்று.
குரல்பதிவும் அனுப்பினேன்.
இரண்டு நீலக்குறி விழுந்தது.
ஏறுகிறவன் மரத்துக்கு நானூறு கேட்கிறான்,
தானாக விழட்டும் என்றீர்கள்.
விழுந்தது, சொன்ன சொல் தவறாமல்.

இத்தனையும் என் கன்னடத்தில் சொன்னேன்.
காய்கறி வாங்கக் கற்ற கன்னடம்.
அதில் கோபப்பட்டால்
பேரம் பேசுவது போலத்தான் இருக்கிறது.

அவர் பொறுமையாகக் கேட்டார்.
பிறகு அதே தாளில் இன்னொரு வரியை
நகத்தால் தொட்டுக் காட்டினார்:
புதுப்பிக்கும்போது வாடகை ஐந்து சதவீதம் கூடும்.
அடுத்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும்.

தமிழில் அதை விழுக்காடு என்போம்.
ஏறுகிற வாடகைக்கு
விழுதலை வைத்துப் பெயர் சொன்னவர்
யார் வீட்டில் குடியிருந்தாரோ.

கண்ணாடிக்கு ஆறாயிரத்து எண்ணூறு.
பானட் நசுங்கல் தனிக் கணக்கு.
காப்பீடு மூன்றாம் நபருக்கு மட்டும்.
தேங்காய் எத்தனையாவது நபர் என்று
அலுவலகத்துப் பெண்ணிடம் கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஜயம்மா
ஒரு டப்பா கொடுத்தனுப்பினார்.
சட்னி, கடுகு தாளித்தது.
தடயத்தை அரைத்துவிட்டார்கள்.
தின்றால் சமாதானம், திருப்பினால் பகை.
மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு
தோசைக்கல் காயும்வரை யோசித்தேன்.
உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

நாலாம் நாள் மாடிப்படியில் நிறுத்தி,
வாடகையில் மூவாயிரம் கழித்துக்கொள் என்றார்.
எழுத்தில் வேண்டாம்,
எழுதினால் மேல்வீட்டுக்காரனும் கேட்பான்.
மீதி? வானத்தைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
இன்னும் ஒரு குலை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தான்.
இருபத்தேழு காய்.
ஒவ்வொரு குலையாகக் கயிற்றில் கட்டி
தூங்கும் பிள்ளையை இறக்குவதுபோல் இறக்கினான்,
கீழே ஒன்றுமே நிற்காத தரையில்.

நான் இப்போது தெருவில் நிறுத்துகிறேன்,
மாநகராட்சியின் தூங்குமூஞ்சி மரத்தடியில்.
பூ விழும், எச்சம் விழும்,
என்னுடையது என்று யாரும் ஓடி வருவதில்லை.

மாதம் ஆயிரம் மட்டும்
இன்னமும் அந்தத் தென்னையடியில்
என் பெயரில் நிற்கிறது.