கறையான் தின்ற பக்கம்

சத்துவாச்சாரியில் மாடி வீடு. பதினேழு படி.
ஒன்பது சேகரம் மாறியதில்
ஒன்பது குருமனையில் நான் நட்ட முருங்கைகளை
இன்று யார் யாரோ ஒடித்துக் குழம்பு வைக்கிறார்கள்.
இங்கே நடுவதற்குத் தரை இல்லை.

ஓய்வு கொடுத்த அன்று சால்வை போர்த்தி
ஒரு சுவர்க்கடிகாரமும் தந்தார்கள்.
ஏழு நிமிடம் பிந்தியே ஓடுகிறது.
திருப்பி வைக்கச் சொன்னால்
‘என் பிரசங்கமும் அப்படித்தானே முடியும்’ என்கிறார்.

செவ்வாய், வியாழன் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடை.
அங்கி கிடையாது, யாரும் அழைத்ததும் கிடையாது.
கல்கத்தாப் பக்கமிருந்து ரயிலேறி
காட்பாடியில் இறங்கி
சீட்டை எந்தச் சன்னலில் நீட்டுவதென்று தெரியாமல்
விழிப்பவர்களுக்காக வரிசையில் நிற்பார்,
அவர்கள் போய் ஒருவாய் சாப்பிட்டு வரும்வரை.
அவர்கள் பாஷையில் இவருக்குத் தெரிந்தது இரண்டே சொல்:
பொய் நேய்.
பயமில்லை என்று அர்த்தமாம்.
எனக்கு முதல் சொல் மட்டும் காதில் விழும்.
பாதிரியார் வாயில் இதுவா என்று சிரிப்பேன்.

போன மாதம் தாலுகாவிலிருந்து ஒருவர் வந்தார்.
ஷூவை வெளியே கழற்றினார். நல்ல வளர்ப்பு.
வேப்பங்கால் பஞ்சாயத்துத் தலைவி மலர்க்கொடி,
ஒதுக்கீட்டு இடத்தில் ஜெயித்தவள்;
அவள் கிறிஸ்தவள், அந்த நாற்காலி அவளுக்கில்லை என்று
தோற்றவர் மனுப் போட்டிருக்கிறார்.
எண்பத்து மூன்றாம் வருஷத்து ஞானஸ்நானப் பதிவேட்டைக்
கறையான் தின்றுவிட்டது.
‘இனி நீங்கள்தான் பாக்கி, ஐயா.
அந்தக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா?’

கெத்சியாள்.
நான்தான் ஏந்தி நின்றேன்.
என் ஒரே பட்டுப்புடவையை நனைத்தாள்.
மூன்று பிள்ளை மண்ணுக்குக் கொடுத்த தாய்
நல்ல பேராக வையுங்கள் என்றாள்;
எல்லாம் இழந்தபின் யோபுவுக்குப் பிறந்த
மகளின் பெயரை வைத்தார்.
ஐந்து வருஷம் கழித்து அவள் அப்பனைப் பள்ளிக்கூடத்துக்குக்
கூட்டிப்போனவரும் இவரே.
தலைமையாசிரியர் மலர்க்கொடி என்று எழுதும்போது
பக்கத்தில் நின்று மை உலர ஊதினார்.
ஊர்க் கிணற்றில் கயிறு தொடாதே என்றவர்கள்
உன் பேர் என்னவென்று கேட்டுவிட்டா தடுத்தார்கள்?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்.
பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று
முப்பத்தெட்டு வருஷம் வாசித்த வாய்.

‘தம்பி, அந்த வருஷம் பாலாறு எலும்பாய்க் கிடந்தது.
கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தேன்.
யார் யாருக்கென்று எழுதியதைத்தான்
கறையான் தின்றுவிட்டதே.’

அவர் சற்று நேரம் இவர் முகத்தையே பார்த்தார்.
பிறகு ‘நினைவில்லை’ என்று எழுதி
கையெழுத்துக்கு நீட்டினார்.
இவர் கை நடுங்கியது. வயசு என்று நினைத்திருப்பார்.

இரவு கஞ்சி அப்படியே இருந்தது.
விளக்கணைத்த பிறகு முணுமுணுப்பு கேட்டது.
எத்திராஜ் மகன் தீத்து.
செங்கேணி மகள் பெர்சியாள்.
கங்கன் மகன் ஓபதியா...
ஒரு வரி தவறாமல், வரிசை மாறாமல்
அந்தப் பக்கம் முழுவதும்.
ஆறாவது, கெத்சியாள்.
பதினொன்று முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி.

விடியுமுன் கீழ்வீட்டுச் சேவல் கூவியது.
முணுமுணுப்பு நின்றது.
‘சுகிர்தம், மறுதலித்துவிட்டேனா?’

எனக்கு வேதசாஸ்திரம் தெரியாது.
நனைந்த பட்டின் கறை தெரியும்,
இன்னும் பெட்டியில் இருக்கிறது.
‘பொய் நேய்’ என்றேன்.

எந்த பாஷையில் சொன்னேன் என்று
இவர் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை.
ஏழு நிமிடம் பிந்திப்
படியிறங்கிப் போனார்.