பெயர் விழுந்த தாள்

டர்பனில் சின்ன லாரியைப் பக்கி என்பார்கள்.
தமிழில் அது வசவு.
இரண்டும் தெரிந்தே இருபது வருஷமாய்
ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறேன்.

தொலைபேசியில் ஒரு முதிய குரல்:
பதினொரு பெட்டி, கல்லறைக்கு,
ஞாயிறு காலை, மெதுவாக ஓட்ட வேண்டும்.
பதினொன்றா என்றேன்.
பயப்படாதே பெண்ணே, புத்தகம்.

முதுகு விட்டுப்போன வேதம்,
கறையான் முக்கால்வாசி படித்து முடித்த உரைநூல்,
காபிக் கறையோடு ஜெபப் புத்தகங்கள்.
கடவுளின் பெயர் விழுந்துவிட்ட காகிதத்தைக்
குப்பையில் போடுவதில்லையாம்.
எரிப்பதுமில்லை.
ஆளைப் புதைப்பது போல் புதைப்பது.

நாலெழுத்துப் பெயர் அது என்றார் மெர்வின் காட்ஸெஃப்,
உம்கேனி ஆற்றுப் பாலத்தில் போகும்போது.
எழுதுவோம், வாசிக்க மாட்டோம்.
அந்த இடம் வந்தால் வாய் வேறு சொல்லுக்குத் தாண்டிவிடும்.

எனக்கு அம்மா ஞாபகம்.
ஆஸ்பத்திரியில் புருஷன் பெயர் கேட்டால்
என் முதுகில் ஒரு இடி.
நான்தான் சொல்வேன், வேலாயுதன் என்று.
அவள் தரையைப் பார்த்து
ஆமாம் என்பாள்.
புரிகிறது என்றேன் மெர்வினிடம்.
அவர் நம்பவில்லை.

குழி தயாராக இருந்தது.
மதில்மேல் குரங்குகள்,
தின்பதற்கு ஏதும் உண்டா என்று
பெட்டிகளை எண்ணிக்கொண்டு.
பத்து பெட்டி இறங்கிற்று.
பதினொன்றில் சிக்கல்.

ரொஷெல் லிப்கின், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்,
ஒரு நகல் தாளை வெயிலில் உயர்த்தினாள்.
இது மெஷின் துப்பியது.
பெயரும் முழுசாயில்லை, இரண்டு யோத் மட்டும்.
(எட்டிப் பார்த்தேன்:
வரிக்கு மேலே ஏறிக்கொண்ட காற்புள்ளி மாதிரி ஓர் எழுத்து,
பக்கத்தில் அதேபோல் இன்னொன்று.)

படிக்கிறவனுக்குத் தெரியும் யாரென்று, மெர்வின்.
தெரிவது கண்ணில். தாளில் இல்லை.
கண்ணையும்தான் ஒருநாள் புதைக்கிறோம்.
லித்துவேனியாவில் ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார்...
அவர் மருமகனே அதை மறுத்திருக்கிறார்!
மருமகனை யார் கேட்டது?

மண்வெட்டியில் சாய்ந்து நின்றேன்.
மணிக்கணக்கு வாடகை, எனக்கென்ன.
இப்படிச் சண்டை போட ஓர் ஆள் கிடைப்பது
சம்பந்தம் கிடைப்பதைவிடக் கஷ்டம்
என்று மட்டும் தோன்றிற்று.

ரொஷெல் தாளைத் திருப்பினாள்.
பின்பக்கத்தில் என்றோ ஒரு மாதத்தின் முறைப்பட்டியல்.
வாசலில் காவல்: கோர்டின், லிப்கின்.
ஹெர்ரிங் மீன்: லிப்கின்.
பால், பிஸ்கட், தேநீர்க் கோப்பை கழுவ:
ரீவா காட்ஸெஃப்.

கொஞ்ச நேரம் குரங்குகளின் சத்தம் மட்டும்.

சரி, புதையுங்கள் என்றாள்.

மெர்வின் வாங்கிப் பார்த்தார்.
இரண்டு பக்கமும் பார்த்தார்.
முடிவு சரி ரொஷெல், என்றார்,
காரணம் தப்பு.

தானே குனிந்து வைத்தார்,
யோத் எழுத்துகள் மேலாக,
அப்புறம் புரட்டி,
அப்புறம் மறுபடி புரட்டி.
நான் மண் தள்ளினேன்.

ரசீது எழுதும்போது என் பேனா
தன் பாட்டுக்குத் தலையில் ஓர் உ போட்டது.
மெர்வின் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
இது பெயரா?

பிள்ளையார் சுழி. பெயரில்லை.
ஆனால் பெயரில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது.
எழுத ஆரம்பிக்கும்முன் கை போடுவது.

அப்படியென்றால் சந்தேகம் என்றார்,
காலையிலிருந்து முதல்முறையாய் முகம் மலர்ந்து.

அது நம்முடையதில்லை மெர்வின்.
குழியும் மூடியாயிற்று.

குழியில் போடச் சொன்னேனா?
குப்பையில் போடலாமா என்றுதான் கேட்கிறேன்.
இரண்டும் வேறு கேள்வி.

ஒரு டயர் மணலில் சுழன்று பிடித்தது.
கண்ணாடியில் பார்த்தேன்,
நூற்றெண்பது ராண்ட் ரசீதை நடுவில் வைத்துக்கொண்டு
இருவரும் கையை ஆட்டுகிறார்கள்.
எனக்கு விடை கொடுக்க இல்லை.
விடை இன்னும் கிடைக்கவில்லை.