எட்டுப் பேர்

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில்
ஏலம் ஓய்ந்த பிறகு
கவிழ்த்த பெட்டிகள்தான் பெஞ்சு.
சிறந்த பயிற்றுநர் விருதுக்கு
ஆள் பார்க்க வந்திருந்தேன்.
பையில் நான்கு பக்கப் படிவம்.
தருமபுரிக்குக் கடைசி பஸ் ஒன்பது பத்துக்கு.

ஷம்ஷாத் பகலெல்லாம்
ஜெராக்ஸ் கடையில் நிற்கிறவள்.
இரவில் இங்கே, மாதம் ஆயிரம் ரூபாய்க்கு.
அதுவும் மூன்று மாதமாய் வரவில்லை
(கோப்பு என் மேசையில்தான் கிடக்கிறது).

பாடத்திட்டம், இருபது மதிப்பெண்.
துணைக்கருவிகள், இருபது.
அவளிடம் இருந்தவை ஒரு சாக்கட்டியும்
அன்றைய ஏலச் சீட்டுகள் சிலவும்.
குரல்வளம் என்றும் ஒரு கட்டம் உண்டு.
அவள் பேசியதே குறைவு.

மூட்டை தூக்கும் சின்னமாது
'கழிவு' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டார்.
க.
அப்புறம் ழி. ழியிலேயே நின்றார்.
பின்னாலிருந்து யாரோ எடுத்துக்கொடுக்க வாய் திறக்க,
ஷம்ஷாத் பார்த்த ஒரு பார்வையில்
கொட்டகையே அடங்கியது.
ராயக்கோட்டை ரோட்டில் லாரி ஒன்று
பின்னுக்கு வந்து, திரும்பி, போயேவிட்டது.
பாரம் ஏற்றும்போது புடைக்குமே, அதேபோல்
அவர் கழுத்து நரம்பு புடைத்தது.
கடிகாரம் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கும் மேல்.
"கழிவு."
"எவ்வளவு போட்டிருக்கான்?" என்றாள் அவள்.
சபாஷ்கூடச் சொல்லவில்லை.
காத்திருப்பதற்கு என் படிவத்தில் கட்டமில்லை,
கைதட்டாமல் இருப்பதற்கும்.

எட்டே முக்காலுக்கு நான்காம் பக்கத்தைத் திருப்பி நீட்டினேன்.
"கீழே எல்லாரும் ஒரு கையெழுத்துங்க,
உங்க டீச்சருக்கு விருது."
முதலில் பேனா வாங்கிய மாதம்மாள்
முதல் பக்கத்துக்குப் புரட்டினாள்.
"படிச்சுட்டுப் போடறேன்."
"நாலு பக்கம்மா."
"இருக்கட்டும்."

தக்காளிச் சாறு காய்ந்த நகம்
வரிக்கு வரி நகர்ந்தது.
'ஒருங்கிணைப்பாளர்' வந்ததும் தடுமாறினாள்.
என் பதவிதான் அது.
சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன்.
ஷம்ஷாத் என்னைப் பார்த்தாள்.
நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பது பத்து ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

மூன்றாம் பக்கத்தில் நகம் நின்றது.
மாதம்மாள் எழுந்து
தலைகளை எண்ணினாள், தன்னையும் சேர்த்து.
"இருபத்திரண்டுன்னு இருக்குது. பதினாலு பேருதான இருக்கோம்?"
"அது அப்படித்தாம்மா எழுதறது.
இருபதுக்குக் குறைஞ்சா
விருதுக்கு எடுத்துக்க மாட்டாங்க."
"எங்க டீச்சருக்கு விருது வேணுந்தான்.
ஆனா அந்த எட்டுப் பேரு யாரு?"

"போடுக்கா" என்று ஒரு வார்த்தை
அவள் சொல்லியிருக்கலாம்.
சொல்லிவிடுவாள் என்றுதான்
எனக்கு ஒரு நைப்பாசை.
பெட்டியில் எழுதியதை முந்தானையால்
துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.
"அக்கா, இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

அதையும் படித்து முடித்தாள்.
நான் இருபத்திரண்டை அடித்தேன், பதினாலு என்று எழுதினேன்,
பக்கத்தில் என் சுருக்கொப்பம்.
அப்புறம்தான் பேனா ஓடியது,
ஓடியது என்றா சொல்வது, உழுதது.
'முனிலட்சுமி'யில் லட்சுமி கட்டத்துக்கு வெளியே போனாள்.
சின்னமாதுவின் துணைக்கால்
அலுவலக முத்திரைக்கு விட்ட இடத்தில் இறங்கியிருந்தது.

சேலம் போகும் தக்காளி லாரியில்
டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
'இதர குறிப்புகள்' நிரப்பினேன்.
இந்த வகுப்பில் படிக்காமல்
யாரும் கையெழுத்திடுவதில்லை.
குலுக்கலில் எழுத்து கோணிப்போயிற்று.
எப்படியும் தள்ளுபடிதான்.

மறுநாள் காலையில்
அந்த மூன்று மாதச் சம்பளக் கோப்பை எடுத்து
முழுதாகப் படித்தேன்.
ஒன்றரைப் பக்கம்.
என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.